ஒத்திகையில் சொல்லாத வரி

வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊர் கால்டர்ஷாவில் டெரிக் ஓல்ட்ராய்டின் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. முகம் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிவிஷனில் ஒரு துப்பறியும் தொடர் பல வருஷம் ஓடியது. அதில் பிணத்தின் மேலிருக்கும் வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்" என்று இன்ஸ்பெக்டரிடம் செத்த நேரம் சொல்லும் டாக்டர் அவர்தான். வாரம் ஒரு பிணம், வாரம் ஒரு வரி. பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து எவனாவது கத்துவான்.

"டாக்டரய்யா! நான் எப்ப செத்தேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க!"

டெரிக் நின்று, திரும்பி, அவனை மேலும் கீழும் பார்ப்பார். "கல்யாணத்தன்னிக்கே போயிட்டியேப்பா" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

எனக்குச் சிரிப்பு வராது. பற்றிக்கொண்டு வரும். எட்டு வரிக் கவிதையை ஒரே மூச்சில் சொல்லி, கடைசி வரிசையில் மூக்கடைப்போடு உட்கார்ந்திருப்பவன் காதில்கூட ஒவ்வொரு எழுத்தும் விழச் செய்யத் தெரிந்த மனிதர் அவர். வாள் சண்டை தெரியும். கிரீடம் வைத்தால் ராஜா, கழற்றினால் பிச்சைக்காரன். அவ்வளவும் படித்துவிட்டுப் பிணத்துக்கு நேரம் குறிக்கிற வேலை. ஏன் அப்படி ஆனது, அதிலிருந்து எப்படி மீண்டார் என்பதைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. இரண்டு தடவையும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் மோரின். அரங்கில் எல்லோருக்கும் மோ. மேடையின் இடது ஓரத்தில், ஜனங்கள் கண்ணில் படாமல், ஒரு சின்ன நீல விளக்கின் கீழே நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விளக்கு மாறவும் திரை இறங்கவும் நான்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். யாராவது வசனம் மறந்து நின்றால் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ஜனங்கள் கைதட்டும்போது எனக்கென்று யாரும் தட்டுவதில்லை. தட்டினால் நான் ஏதோ சொதப்பிவிட்டேன் என்று அர்த்தம்.

டெரிக்கின் அப்பா பாட்லியில் ஒரு கம்பளி ஆலையில் சாயம் தோய்க்கிறவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவருடைய நகக்கண்ணில் நீலம் போகாது. பையனுக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பிடித்துத் தள்ளிவிட, நகராட்சி உபகாரச் சம்பளத்தில் லண்டனில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். அங்கே செய்த முதல் காரியம், யார்க்‌ஷையர் ஊர்ப் பேச்சை அவர் வாயிலிருந்து கழுவி எடுத்தது. பல்லுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டையைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உச்சரிப்புப் பழக வேண்டும். நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள், விழக் கற்றுக்கொடுத்தார்கள், மூச்சுவிடக்கூடக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "அந்த உருளைக்கிழங்கைச் சற்று இப்படி நகர்த்த முடியுமா, அப்பா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"யாருடி இவன்? மில் முதலாளி வீட்டுப் புள்ளை வழி தப்பி வந்துட்டானா?"

"பேசிட்டுப் போறான், விடுங்க," என்றாளாம் அம்மா. "எப்படிப் பேசினாலும் உருளைக்கிழங்குதான கேக்கறான்."

நான் அவரை முதலில் பார்த்தது கிழக்குக் கடற்கரையில் ஒரு நாடகக் குழுவில். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் அப்படிக் குழுக்கள் இருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு புது நாடகம். பகலெல்லாம் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை, சாயங்காலம் நடப்பு நாடகம். நடிகர்களின் மண்டைக்குள் எப்போதும் இரண்டு நாடகம் கிடந்து உருளும். ஒரு நாள் டெரிக் பிஷப் அங்கியும் சிலுவையுமாக மேடைக்கு வந்தார். நல்ல கம்பீரம். சாகக் கிடக்கும் சீமாட்டியின் படுக்கையருகே குனிந்தார். "கார் வாசலில் நிற்கிறது, அம்மணி" என்றார்.

பகல் முழுக்க அடுத்த நாடகத்தின் பட்லர் வேஷத்துக்கு ஒத்திகை பார்த்ததன் பலன். ஜனங்கள் சிரிக்க வாயெடுத்துவிட்டார்கள். நான் ஓரத்திலிருந்து "பயப்படாதே மகளே" என்று சரியான வரியை எடுத்துக் கொடுத்தேன். டெரிக் இமைகூடத் தட்டவில்லை. ஒரு விரலால் வானத்தைக் காட்டி, "அவர்தான் அனுப்பியிருக்கிறார். பயப்படாதே மகளே" என்று ஒட்டுப்போட்டுவிட்டார். வாயெடுத்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

திரை விழுந்ததும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"யாரு கண்ணு நீ? இந்த மூலைல இத்தனை நாளா இருக்கியா?"

"ரெண்டு மாசமா இருக்கேன். உங்களுக்குக் கண்ணாடிய விட்டா வேற எதுவும் கண்ணுல படறதில்ல."

"சரியாப் போச்சு! இனிமே நான் எங்க நடிச்சாலும் நீதான் மூலைல இருக்கணும்."

அவர் அப்படிச் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடிகர்களுக்குச் சாயங்காலம் ஒரு சத்தியம், காலையில் ஒரு மறதி. ஆனால் இவர் நிஜமாகவே சொல்லியிருக்கிறார் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

எங்கள் தொழிலில் வேலையில்லாமல் கிடப்பதை "ஓய்வில் இருக்கிறேன்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வோம். டெரிக்கும் ஓய்வில் இருந்திருக்கிறார். கம்பளக் கடையில் விற்பனையாளராக நின்றார். பெரிய கடைகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக உட்கார்ந்து, அடுத்தவர் பிள்ளைகளின் மூக்குச்சளியை மடியில் வாங்கிக்கொண்டார். டிசம்பரில் குழந்தைகளுக்காகப் போடும் கூத்து நாடகத்தில் ஒரு வருஷம், இரண்டு பேர் சேர்ந்து போடும் பசுமாட்டு வேஷத்தில் பின்பாதியாக நடித்தார். முன்பாதி குடித்துவிட்டு வந்து இடப்பக்கம் போக, பின்பாதி மட்டும் ஒத்திகைப்படி வலப்பக்கம் போனது. மாடு நடுவில் பிய்ந்தது. "பின்பாதிக்கு என்ன மனநிலைன்னு யோசிச்சு நடிச்சேன், மோ" என்று அப்புறம் என்னிடம் சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை. மாட்டின் பின்னங்காலுக்கும் மனநிலை உண்டென்று நம்புகிற ஆளை என்ன செய்வது? மதிக்கத்தான் வேண்டும்.

அதற்கப்புறம் அவரை ஒரு பெரிய நாடகக் கம்பெனியில் எடுத்தார்கள். ஈட்டி பிடித்து நின்றார், கடிதம் கொண்டுவரும் தூதனானார், மூன்றாம் பிரபு இரண்டாம் பிரபு ஆனார், ஒரு நாள் ராஜாவே ஆனார். பழைய காவிய நாடகங்களில் டெரிக் ராஜா என்றால் லண்டனிலிருந்து ரயிலேறி வந்து பார்ப்பார்கள். இடையிலே டெலிவிஷனும் கூப்பிட, அந்தத் தொடரும் ஆரம்பித்தது. அதைப் பக்க வருமானம் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். நான் கல்யாணமாகி கால்டர்ஷாவுக்கு வந்து இந்த அரங்கிலேயே நிலைத்துவிட்டேன். அவரும் மனைவி ஹிலரியும் இதே ஊரில் வீடு வாங்கினார்கள். எங்கள் அரங்கில் ராஜா வேஷம் கட்ட அவர் ஒப்புக்கொண்டபோது ஊரே டிக்கெட் வாங்கியது.

மூன்றாவது வாரம். ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, துரோகம் செய்த மகனை மன்னிக்க வேண்டிய கட்டம். இறங்கினார். மகனின் தோளில் கை வைத்தார். நின்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அசையவில்லை. மறுபடி கொடுத்தேன். மூன்றாவது தடவை முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே கொடுத்தேன். டெரிக் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கடையில் தொலைந்துபோன பிள்ளை தன் அம்மா அல்லாத வேறு ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்துத் திண்டின் மேல் வைத்தார். ஜனங்களுக்கு லேசாகத் தலை வணங்கினார். இறங்கி, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டார்.

திரையை இறக்கச் சொல்லிவிட்டு அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ராஜ அங்கியோடு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு கிழவி.

"எங்க போகணும் ராஜா?" என்று அவள் கேட்டாள்.

"வீட்டுக்கு," என்றார்.

நான் கோட்டைப் போர்த்திவிட்டேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "நீ சொன்னது காதுல விழுந்துச்சு மோ. ஒவ்வொரு வார்த்தையும் விழுந்துச்சு. அது என்ன பாஷைன்னுதான் தெரியல."

அதோடு மேடை போயிற்று. பக்க வருமானமே பிழைப்பானது. டெலிவிஷனில் மறந்தால் "இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்பார்கள். ஒரு வரிதானே, மறக்கவும் மறக்காது. பதினொரு வருஷம் அவர் எங்கள் அரங்கு இருக்கும் தெருவிலேயே நடக்கவில்லை. ரொட்டி வாங்கக்கூடச் சந்தையைச் சுற்றிக்கொண்டு போவார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொடர் வரும்போது நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

தொடர் ஒரு வழியாக முடிந்தது. அந்த வருஷம் டாம்சின் என்று ஒரு பெண் எங்கள் அரங்குக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். சொந்தமாக நாடகம் எழுதி, தானே இயக்குகிறவள். கதை சின்னதுதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வீட்டைவிட்டு ஓடிப்போன மகள். இருபது வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். அப்பா கதவைத் திறக்கிறார், ஆனால் உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவருமாக நாடகம் முழுக்கச் சண்டை. கடைசியில் அப்பா ஒரே வரி சொல்ல வேண்டும். "வந்துட்ட இல்ல, கதவைச் சாத்து. குளிருது." அவ்வளவுதான், திரை.

அப்பா வேஷத்துக்கு டெரிக்தான் வேண்டும் என்று டாம்சின் ஒற்றைக் காலில் நின்றாள். டெரிக் முடியாது என்றார். ஹிலரிதான் முடித்துவைத்தாள். "வீட்டோட உக்காந்து எனக்குச் செத்த நேரம் பாத்துச் சொல்றதுக்கா இத்தனை படிச்ச? போ," என்றாளாம்.

அரங்க நிர்வாகத்துக்குப் பயம் போகவில்லை. காதுக்குள் சின்னக் கருவி ஒன்றை வைத்து, வசனம் முழுவதையும் ஒருவர் ஓதிக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். டெரிக் மறுத்தார். அப்படியானால் ஒரு ஆளைத் தயாராக வைக்கிறோம், நீங்கள் மேடையில் நின்றுபோனால் மறுநாளிலிருந்து அவர்தான் என்றார்கள். நியாயம்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு டெரிக் என்னைத் தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னொரு தடவை நின்னுட்டேன்னா அதோட சரி, மோ. செத்தாலும் மேடை ஏற மாட்டேன். அதனால ஒரு சத்தியம் பண்ணு. நான் நின்னா உடனே எடுத்துக் குடு. பாவம் பாக்காத. மூச்சுவிடக்கூட நேரம் குடுக்காத."

"நானா பாவம் பாப்பேன்? சத்தியம்."

இந்த இடத்தில் என் தொழிலின் தலைவலி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடையில் ஒருவர் பேசாமல் நின்றால், மறந்துபோய் நிற்கிறாரா, வேண்டுமென்றே மௌனமாக நிற்கிறாரா என்பது ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மறந்தவருக்கு எடுத்துக் கொடுக்காவிட்டால் கொலை. மௌனமாக நடிக்கிறவருக்கு நடுவில் எடுத்துக் கொடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய கொலை, நல்ல இடமே நாசமாகிவிடும். அதனால் ஒத்திகை முழுக்கப் பென்சிலோடு உட்கார்ந்து, அவர்கள் நிறுத்தும் இடத்திலெல்லாம் பிரதியில் கோடு போட்டுக்கொள்வேன். சின்ன மௌனத்துக்கு ஒரு கோடு, பெரிதுக்கு இரண்டு. கோடு இல்லாத இடத்தில் நின்றால் மறதி, உடனே கொடுத்துவிட வேண்டும்.

ஒத்திகை நன்றாகப் போனது. மகளாக நடித்தவள் ஜானிஸ், நல்ல கெட்டிக்காரி. டெரிக் முதல் வாரம் பிரதியைக் கையைவிட்டு இறக்கவில்லை, இரண்டாம் வாரம் கீழே வைத்தார். மூன்றாம் வாரம் முதன்முறையாக நாடகத்தை முழுசாக ஓட்டினோம். கடைசிக் கட்டம் வந்தது. ஜானிஸ் வாசலில் நின்றாள். டெரிக் கம்பீரமாக அவளைப் பார்த்து, "டும் டும், டும் டும் டும். டும் டும்," என்றார்.

டாம்சின் பேனாவைக் கீழே போட்டாள். "என்னது இது?"

"கடைசி வரி, கண்ணு."

"கடைசி வரிய நான்தான் எழுதினேன். அதுல ஒரு டும்மும் இல்ல."

"ஒத்திகைல கடைசி வரிய வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொல்லிட்டா நாடகம் முடிஞ்சு போச்சு. முடிஞ்ச நாடகத்துக்கு ஜனம் எதுக்கு வரணும்? அது அவங்க முன்னாடி முதல் தடவையா முடியணும்."

டாம்சின் என்னைப் பார்த்தாள். "மோ, நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லுங்க."

"நான் மாட்டேன்மா. அந்த வரியச் சொன்னா கூரை இடிஞ்சு விழும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. முட்டி வலி வேற, ஓட முடியாது."

"நீங்க எப்படிச் சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா டெரிக்?"

"எனக்கே தெரியாதே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உங்க கிறுக்கு உங்களோட," என்று விட்டுவிட்டாள். பழைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். டும் டும் என்போம், லாலா என்போம், கடைசி வரியை மட்டும் தொடமாட்டோம். எனக்கும் அது மூச்சுவிடுவது மாதிரி பழகிப்போனது. அதனால்தான் அதில் இருந்த வம்பு என் கண்ணில் படவில்லை.

எங்கள் ஊரில் முன்னோட்டக் காட்சி என்ற ஆடம்பரமெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேராக முதல் காட்சி. ஜூன் மாதம், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே குளிர்காலம். லண்டனிலிருந்து இரண்டு விமர்சகர்கள் வந்திருந்தார்கள். ராஜா நடந்து வெளியேறிய அன்று இருந்தவர்கள் பாதிப் பேர் இன்றைக்கும் இருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு கையாலும் எல்லோரையும் அறைய வேண்டும்போல இருந்தது.

முதல் பாதியில் ஒரு தடவை தடுக்கினார். இடது கட்டைவிரல் மோதிரத்தை உருட்டியது. மறக்கும்போது அவருக்கு எப்போதும் அப்படித்தான், நான் அதற்காகவே விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருட்டிய அந்தக் கணமே எடுத்துக் கொடுத்தேன். மேடையில் ஜானிஸுக்குக்கூடத் தெரியாது. டெரிக் அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். என் முதுகில் வியர்வை ஓடியது. ஆனாலும் சந்தோஷம். இந்தத் தடவை என் குரல் அவருக்கு எட்டுகிறது.

இரண்டாம் பாதி அருமை. சண்டை வளர வளர ஜனங்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மகள் கடைசியாக, "இப்ப சொல்லுங்கப்பா, போகவா?" என்று கேட்கிறாள். அதற்குத்தான் அந்தக் கடைசி வரி.

டெரிக் நின்றார்.

வாசல் மேடையின் வலது கோடியில். அவர் அதைப் பார்த்து நிற்கிறார். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிகிறது. கை இரண்டும் முன்னால் கதவுப் பிடியில். விரல் தெரியவில்லை. பிரதியைப் பார்த்தேன். அந்த வரிக்கு முன்னால் ஒரு கோடும் இல்லை. எப்படி இருக்கும்? ஒத்திகையில் அதை அவர் சொன்னதே இல்லையே! டும் டும்முக்கு யார் மௌனம் விடுவார்கள்? ஊர் உலகத்தில் உள்ள மௌனத்துக்கெல்லாம் கோடு போட்டு வைத்தவள், இருப்பதிலேயே பெரிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

கோடில்லாத இடத்தில் நின்றால் உடனே கொடுக்க வேண்டும். சத்தியம் வேறு பண்ணியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். "வந்துட்ட" என்ற சொல் நாக்கு நுனியில் இருக்கிறது.

அப்போது ஜானிஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் தோளுக்கு மேலாக அது எனக்குத் தெரிந்தது. கூட நடிக்கிறவர் மறந்து நின்றால் எதிரில் இருப்பவருக்குக் கண்ணில் ஒரு கிலி வரும். அது இல்லை. அவள் நிஜமாகவே ஒரு மகளாக நின்று, அப்பா என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் பக்கம் காதைக் கொடுத்தேன். ஏதாவது தப்பென்றால் எங்கள் ஊர் ஜனம் முதலில் இருமும். ஒருவர் இருமவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை.

நான் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். சொல்லி, அது மௌனமாக இருந்தால், அவருடைய வாழ்நாளின் நல்ல இடத்தை நானே மிதித்துவிடுவேன். சொல்லாமல் விட்டு, அது மறதியாக இருந்தால், அவரை என் கையாலேயே பஸ் நிறுத்தத்துக்கு அனுப்புகிறேன். பென்சிலைக் கீழே வைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். கையால் வேறு பொத்திக்கொண்டேன்.

மௌனம் போய்க்கொண்டே இருந்தது.

டெரிக்கின் முதுகு மெல்லத் தளர்ந்தது. கதவிலிருந்து கையை எடுத்தார். ஒரு எட்டு விலகி வழிவிட்டார்.

"வந்துட்ட இல்ல," என்றார். "கதவைச் சாத்து. குளிருது."

ஜானிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். என் காதுக் கருவியில் விளக்குக்காரன் கத்துவது அப்புறம்தான் உறைத்தது. "மோ! விளக்கு! உத்தரவு குடு மோ!" நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையை நான் மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். திரை விழுந்ததும் வந்த கைதட்டலில் நீல விளக்கே ஆடியது.

ஒப்பனை அறைக்குப் போனபோது டெரிக் பாதி பிய்த்த ஒட்டுமீசையோடு உட்கார்ந்திருந்தார். ஹிலரி பக்கத்தில் நின்று அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏன் எடுத்துக் குடுக்கல?"

"எதுக்குக் குடுக்கணும்? நல்ல மௌனத்துக்கு நடுவுல வாய் வைக்க நான் என்ன நேத்து வந்தவளா?"

"மௌனமா?" என்றார். "சுத்தமா மறந்து போச்சு மோ. அன்னிக்கு வந்த அதே இருட்டு. ஒரு எழுத்து இல்ல உள்ள."

அழுக்குத் துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்தேன்.

"உன் குரல் வரும்னு காத்திருந்தேன். வரல. மோ தூங்கிட்டாளா, செத்துக்கித்துப் போயிட்டாளான்னு நெனச்சேன். அப்புறம்தான் தோணுச்சு, அவ பேசாம இருந்தா நான் நடிச்சிட்டிருக்கேன்னு நெனக்கிறா. மோ நெனச்சா சரியாத்தான் இருக்கும். அப்ப நான் மறக்கல. மறக்கலன்னா எதுக்குப் பயப்படணும்? நிமிந்து அந்தப் பொண்ணைப் பாத்தேன். மெல்லிசா ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கிறா. ஐயோ, குளிருமேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான், வரி வந்துடுச்சு."

நான் அழுதுவிட்டேன். மறைக்க மாட்டேன். மூக்கைச் சிந்தி அழுதேன். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. இந்தப் பாழாய்ப்போன மனிதருக்காகப் பதினொரு வருஷம் பாத்திரம் கழுவியதெல்லாம் சேர்ந்து வந்தது.

கதவை இடித்துக்கொண்டு டாம்சின் உள்ளே வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. "டெரிக்! அந்த மௌனம்! டும் டும்னு சொல்லிச் சொல்லி அதைப் போய் என்கிட்டயே ஒளிச்சு வெச்சிருந்தீங்களே, திருடா! தினமும் அப்படியே வேணும். கொஞ்சம்கூடக் குறையக் கூடாது. மோ, பிரதில குறிச்சுக்கோங்க." அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, விமர்சகர்கள் போவதற்குள் பிடிக்க வேண்டும் என்று ஓடிவிட்டாள்.

டெரிக் என்னைப் பார்த்தார். ஹிலரி என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்து, கடைசி வரிக்கு முன்னால் கோடு போட்டேன்.

"கோடு போட்டாச்சு. இனிமே அங்க நீ விடியற வரைக்கும் நின்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். சரியா?"

அவர் முகத்தில் ஒரு கணம் அந்தப் பழைய கலக்கம் வந்து போனது. பிறகு மிச்ச மீசையைப் பிய்த்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்.

"நாளைக்கு எப்ப?" என்று கேட்டார்.

"சனிக்கிழமைல்ல? மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு காட்சி."

"ரெண்டா?" என்றார் டெரிக். ஹிலரி பக்கம் திரும்பினார். "அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வர மாட்டேன், எனக்காகக் காத்திருக்காத."